உளவு பார்ப்பவரை யார் பார்ப்பது?

கடந்த பருவத்தில் எங்கள் விரிவுரையாளர் வகுப்பு தொடங்கியதும் ஒரு கேள்வி கேட்டார். "மலேசிய இராணுவத்தின் உளவுப் பிரிவுக்கு என்ன பெயர்?" மண்டபத்தில் எழுபது பேர் இருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒருவன் சிஐஏ என்றான், எல்லாரும் சிரித்தோம். ஒருத்தி ஸ்பெஷல் பிராஞ்ச் என்றாள். அது போலீஸ். என் பக்கத்தில் இருந்த நண்பன் மட்டும் "கோர் ரிசிக் டிராஜா" என்றான். அவன் பாலாபெஸ் பயிற்சியில் இருப்பவன், அதாவது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ரிசர்வ் அதிகாரி ஆகப் பயிற்சி எடுப்பவன். "அது தரைப்படையுடையது. மூன்று படைகளுக்கும் பொதுவாக ஆயுதப்படைத் தலைமையகத்தில் ஒன்று இருக்கிறதே, அது?" என்றார் விரிவுரையாளர். அவனுக்கும் தெரியவில்லை. தற்காப்புப் புலனாய்வுப் பிரிவு என்று அவரே சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். "சரி, அது ஒரு தவறு செய்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை.

படிவம் ஐந்து வரை நாம் படித்த வரலாற்றுப் பாடத்தில் மலாக்கா சுல்தானகம் இருக்கிறது, அவசரகாலம் இருக்கிறது, மெர்டேக்கா இருக்கிறது. நாட்டைக் காக்கும் கண்களும் காதுகளும் யார் கையில் இருக்கின்றன என்பதைப் பற்றி ஒரு பத்தி கூட எனக்கு நினைவில்லை. ஆனால் பினாங்கில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தீவில் ஒருவர் இதைக் கேட்டார். அதற்காக வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

1942ஆம் ஆண்டு. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்துவிட்டார்கள். பினாங்குத் துறைமுகம் அவர்களின் நீர்மூழ்கிக் கப்பல் தளமாகிவிட்டது. இந்தியச் சுதந்திர லீக்கின் தலைவர்களில் ஒருவரும் பினாங்கில் வழக்கறிஞராக இருந்தவருமான என்.ராகவன், இங்கே சுவராஜ் இன்ஸ்டிடியூட் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மலாயாவில் வேலை செய்துகொண்டிருந்த இந்திய இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். இந்தியாவுக்குள் இரகசியமாக நுழைந்து பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக வேலை செய்வதற்கான பயிற்சி அங்கே கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு குழு இங்கிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, கேரளக் கரையில் தானூர் என்ற இடத்தில் இறங்கியது. கரையேறிய சிறிது நேரத்திலேயே பிடிபட்டார்கள். வேறு வழிகளில் போனவர்களும் சிக்கினார்கள். சென்னையில் விசாரணை நடந்தது. 1943 செப்டம்பர் 10ஆம் தேதி வக்கம் அப்துல் காதர், எஸ்.ஏ.ஆனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வரும் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். காதருக்கு 26 வயது. முந்தைய நாள் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர்.

இந்த நால்வரின் தியாகத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. அதே 1942இன் கடைசி மாதங்களில் நடந்ததைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. இந்திய இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்த ஜப்பானிய இராணுவ உளவு அமைப்பை, அதன் தலைவர் கர்னல் இவாகுரோவின் பெயரால் இவாகுரோ கிக்கான் என்று அழைத்தார்கள். அந்த அமைப்பு சுவராஜ் இன்ஸ்டிடியூட் மாணவர்கள் சிலரை ராகவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. பள்ளியை நடத்துபவருக்கே தன் மாணவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது. ராகவன் எதிர்ப்புத் தெரிவித்துப் பள்ளியையே மூடினார். ஜப்பானியர் அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் தூதராகச் சீனா உள்ளிட்ட நாடுகளில் பணியாற்றியவர் அவர்.

ராகவன் உளவு வேலையே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கான பள்ளியைத் தொடங்கியவரே அவர்தான். யாருடைய உத்தரவின் பேரில், யாருக்குத் தெரிந்து இந்தப் பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள் என்றுதான் கேட்டார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். உளவுத்துறை வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் எதற்கும் உதவாது. வேண்டும். அது யாருக்குக் கணக்குக் காட்டுகிறது என்பதே பேச வேண்டிய விஷயம்.

வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? 2000ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி நடந்ததை உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அல் மாவ்னா என்ற கும்பல் இராணுவ அதிகாரிகள் போல உடை அணிந்து, சோதனைக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி, பேராக் மாநிலத்தின் கிரிக் அருகே இராணுவ முகாம்களுக்குள் நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதங்களை அள்ளிக்கொண்டு போனது. தலைவன் முன்பு இராணுவத்தில் இருந்தவன். சாவுக் என்ற இடத்தில் காட்டு மலையில் அவர்கள் பதுங்கினார்கள். பிணை பிடிக்கப்பட்டவர்களில் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சரவாக்கைச் சேர்ந்த இராணுவ வீரர் மேத்யூ அனாக் மெடான். இன்னொருவர் ஸ்பெஷல் பிராஞ்சைச் சேர்ந்த கார்ப்பரல் ஆர்.சகாதேவன். முகாமுக்குள் யார் வருகிறார்கள், படையிலிருந்து விலகிப் போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்று முன்கூட்டியே கவனிப்பது இராணுவ உளவுப் பிரிவின் அடிப்படை வேலை. அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் விலை கொடுப்பவர்கள் சகாதேவனைப் போன்றவர்கள்.

2013 பிப்ரவரியில் சூலு ஆயுதக்காரர்கள் கடல் வழியாக வந்து சபாவின் லஹாட் டத்துவில் இறங்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. எல்லையில் படகு வருவதைப் பார்ப்பது, பக்கத்து நாட்டுப் படைகள் எங்கே நகர்கின்றன என்று கணிப்பது, நம் படைக்குள் எதிரியின் ஆள் நுழையாமல் தடுப்பது எல்லாம் இராணுவ உளவின் வேலைகள். நம் நாட்டில் உள்நாட்டு உளவு பெரும்பாலும் போலீசிடம் இருக்கிறது. அவசரகாலத்தில் பிரிட்டிஷார் ஏற்படுத்திய வழக்கம் அது. கம்யூனிஸ்டுகளைப் பற்றிய தகவலை ஸ்பெஷல் பிராஞ்ச் திரட்டும், இராணுவம் அதை வைத்து நடவடிக்கை எடுக்கும். அதனால்தான் இராணுவ உளவு என்றால் நமக்கு ஒன்றும் தெரியாது. ஸ்பெஷல் பிராஞ்ச் என்றால் மட்டும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இவை தவிர, வெளிநாட்டு உளவுக்கென்று பிரதமர் துறையில் ஆராய்ச்சிப் பிரிவு என்ற சாதுவான பெயரில் ஓர் அமைப்பு உண்டு. முதன்முறை கேட்டபோது ஏதோ புள்ளிவிவரம் எடுக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தச் சாதுவான பெயர் 2018இல் தலைப்புச் செய்தியானது. மே 9ஆம் தேதி 14ஆவது பொதுத் தேர்தல். அதற்கு ஐந்து நாள் முன்பு, மே 4ஆம் தேதியிட்டு, ஆராய்ச்சிப் பிரிவின் தலைமை இயக்குநர் ஹசானா அப்துல் ஹமிட் பெயரில் அமெரிக்காவின் சிஐஏவுக்கு ஒரு கடிதம் போயிருந்தது. நஜிப் மிகக் குறைந்த பெரும்பான்மையில் வென்றாலும் அமெரிக்கா அவருடைய அரசாங்கத்தை ஆதரிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். தேர்தல் முடிந்து, ஆட்சி மாறி, ஜூலையில் கடிதம் ஊடகத்தில் வெளியானது. அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நாட்டுக்காக வேலை செய்ய வேண்டிய ஓர் உளவு அமைப்பு, வாக்களிப்புக்கு முன்பே, ஒரு கட்சியின் தலைவருக்காக வெளிநாட்டு உளவு அமைப்பிடம் பேசுகிறது. இதை எழுதுவதற்கு முன் அவர் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருந்ததா? எழுதிய பிறகு நாடாளுமன்றத்தில் யாருக்காவது தெரிவிக்க வேண்டியிருந்ததா? இல்லை. ஆட்சி மாறியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் இன்றும் ஏதோ ஓர் அலமாரியில் இருந்திருக்கும். அதே ஆண்டு அக்டோபரில், 1 கோடியே 21 லட்சம் அமெரிக்க டாலர் அரசாங்கப் பணம் தொடர்பான நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டு ஹசானா மீது சுமத்தப்பட்டது. அவர் அதை மறுத்தார். 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. அது முழு விடுதலை அல்ல, மீண்டும் குற்றம் சாட்ட இடமுள்ள விடுவிப்பு. ஆகவே அவர் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. என் வருத்தம் வேறு. அந்தப் பணம் எதற்காக இருந்தது, எப்படிக் கையாளப்பட்டது என்று கேட்க ஊழல் தடுப்பு ஆணையமும் நீதிமன்றமும் வர வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் ஒரு குழு இருந்திருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இராணுவத்துக்குள்ளும் இந்தப் பிரச்சினை இல்லாமல் இல்லை. 2025 ஆகஸ்டில், கடத்தல் கும்பலுக்கு நடவடிக்கைத் தகவல்களைக் கசியவிட்டதாகச் சந்தேகத்தின் பேரில் ஊழல் தடுப்பு ஆணையம் இராணுவ உயரதிகாரிகளைக் கைது செய்தது. தகவலைக் காக்க வேண்டியவர்களே அதை விற்றார்களா என்று மக்கள் கேட்கும் நிலை வந்தது.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. 2019இல் நான் படிவம் இரண்டில் இருந்தேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். அப்பா பிறை தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வந்தார், குளிக்கக்கூட இல்லை, எல்லாருடைய கைப்பேசிகளையும் வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். மாமா குடும்பக் குழுவில் எப்போதோ அனுப்பிய படங்கள், இலங்கைப் போரின் கடைசி நாட்களைப் பற்றிய காணொளிகள், மாவீரர் நாள் வாழ்த்து என்று ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தார். என் கைப்பேசியில் கால்பந்துப் படங்கள்தான் இருந்தன. அதையும் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அப்பா விடுதலைப்புலிகளை ஆதரித்தவர் அல்லர். அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. ஆனாலும் அன்று அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அந்த வாரம்தான் ஸ்பெஷல் பிராஞ்சின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு, விடுதலைப்புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரை சொஸ்மா சட்டத்தில் கைது செய்திருந்தது. அவர்களில் இருவர் அன்றைய ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர்கள்: மலாக்கா காடேக் தொகுதியின் ஜி.சாமிநாதன், நெகிரி செம்பிலான் சிரம்பான் ஜெயா தொகுதியின் பி.குணசேகரன். சொஸ்மாவில் 28 நாள் வரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் தடுத்து வைக்கலாம். ஜாமீன் கிடையாது. அந்த ஜாமீன் தடை அரசமைப்புக்கு முரணானது என்று நவம்பர் 29ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் சொன்னது. 2020 பிப்ரவரி 21ஆம் தேதி அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், குற்றத்தை நிரூபிக்கும் வாய்ப்பு இல்லை என்று கூறி 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். ஒரு தலைவரின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பது மட்டும் ஒருவரைப் பயங்கரவாதி ஆக்கிவிடாது என்பது அவர் விளக்கத்தின் ஒரு பகுதி.

நான்கு மாதம். அந்த 12 குடும்பங்கள் தீபாவளியும் பொங்கலும் எப்படிக் கழித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு, எந்தத் தகவல் தவறாகப் போனது, யார் அதைச் சரிபார்க்கத் தவறினார்கள் என்று ஒரு சுயேச்சைக் குழு விசாரித்து அறிக்கை கொடுத்ததா? கொடுக்கவில்லை. அப்படி விசாரிக்கும் குழுவே நம்மிடம் இல்லை.

இதே பிரிவு நல்ல வேலையும் செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2016 ஜூனில் பூச்சோங்கில் ஓர் உணவகத்தின் மீது கையெறி குண்டு வீசப்பட்டது. ஐஎஸ் இயக்கத்தின் பெயரில் நம் மண்ணில் நடந்த முதல் தாக்குதல் அது. அதற்கு முன்னும் பின்னும் பல கைதுகள் நடந்தன. அவற்றால் எத்தனை உயிர் பிழைத்தது என்று நாம் எண்ண முடியாது. தடுக்கப்பட்ட தாக்குதல் செய்தியாவதில்லை. உளவுத்துறையில் இருப்பவர்களின் மனக்குறை அதுதான்: வெற்றி வெளியே தெரியாது, தோல்வி மட்டும் தெரியும். நியாயமான குறை. அதனால்தான் அவர்களுடைய வெற்றிகளையும் பார்த்து எடைபோடக்கூடிய, இரகசியம் காக்கக்கூடிய ஒரு குழு வேண்டும் என்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். திருக்குறளின் 59ஆவது அதிகாரம் ஒற்றாடல். வள்ளுவர் அங்கே அரசனுக்கு ஒற்றர் கூடாது என்று உபதேசம் செய்யவில்லை. ஒற்றர் ஒரு கண் என்கிறார். கூடவே, ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது இது ஏதோ அரண்மனைச் சமாச்சாரம் என்று கடந்து போனேன். 2019இல் யாராவது அந்த இரண்டாவது, மூன்றாவது ஒற்றரைக் கேட்டிருந்தால்?

அதே 2019இல் இலங்கையில் வேறுவிதமான தோல்வி. ஏப்ரல் 21ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் தமிழ்ப் பிள்ளைகள். இந்தியாவிலிருந்து எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் தேதியே அரச உளவுச் சேவைக்கு வந்திருந்தது. தகவல் இருந்தது, அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. 2023 ஜனவரி 12ஆம் தேதி இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், உளவுச் சேவையின் அப்போதைய தலைவர் நிலந்த ஜயவர்தன ஏழரைக் கோடி ரூபாயும் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே நாட்டில்தான் பத்திரிகையாளர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரியில் காணாமற்போன வழக்கில் இராணுவ உளவுப் பிரிவினர் மீதே குற்றம் சாட்டப்பட்டது. கண்காணிப்பு இல்லாத உளவுத்துறை அதிகமாகவும் செய்யும், செய்ய வேண்டியதைச் செய்யாமலும் விடும் என்பதற்கு இலங்கையைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் காணாமற்போனவர்கள் உண்டு. பெர்லிஸில் அம்ரி சே மாட் 2016 நவம்பரில், பெட்டாலிங் ஜெயாவில் பாதிரியார் ரேமண்ட் கோ 2017 பிப்ரவரியில். இருவரையும் புக்கிட் அமான் ஸ்பெஷல் பிராஞ்ச்தான் கடத்தியது என்று 2019 ஏப்ரலில் சுஹாகாம் என்ற மனித உரிமை ஆணையம் தன் விசாரணை முடிவில் சொன்னது. 2025 நவம்பரில்தான் உயர் நீதிமன்றம் அரசாங்கமும் போலீசும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பங்கள் எட்டு, ஒன்பது ஆண்டுகள் படியேறி இறங்கிய பிறகு.

"இரகசிய வேலையை எப்படியப்பா வெளிப்படையாகச் செய்வது?" இதுதான் நான் எங்கே பேசினாலும் வரும் முதல் எதிர்ப்பு. என் பாலாபெஸ் நண்பனும் இதையேதான் கேட்டான். பதில் சுலபம்: யாரும் வெளிப்படையாகச் செய்யச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உளவு அமைப்புகளுக்கான தலைமைக் கண்காணிப்பாளர் ஒருவர் இருக்கிறார். தற்காப்புப் புலனாய்வு அமைப்பும் அவருடைய பார்வைக்குள் வரும். அவர் அவர்களின் அலுவலகத்துக்குள் போகலாம், கோப்புகளைப் பார்க்கலாம், அதிகாரிகளைச் சத்தியம் செய்ய வைத்துக் கேள்வி கேட்கலாம். பார்த்ததையெல்லாம் அவர் பத்திரிகைக்குச் சொல்வதில்லை. பிரிட்டனில் 1994 முதல் உளவு, பாதுகாப்புக்கான நாடாளுமன்றக் குழு இருக்கிறது; எதிர்க்கட்சியினரும் அதில் உண்டு. அந்த நாடுகளின் உளவுத்துறைகள் இதனால் படுத்துவிடவில்லை.

அமெரிக்காவின் கதை மாணவர்களாகிய நமக்கு நெருக்கமானது. 1970 ஜனவரியில் கிறிஸ்டோபர் பைல் என்ற முன்னாள் இராணுவக் கேப்டன் ஒரு கட்டுரை எழுதினார். இராணுவ உளவுப் பள்ளியில் பாடம் நடத்தியவர் அவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண உடை உளவாளிகளை வைத்து, அமெரிக்க இராணுவம் தன் சொந்தக் குடிமக்களை, வியட்நாம் போரை எதிர்த்த மாணவர்களை, சிவில் உரிமைப் போராட்டக்காரர்களைக் கண்காணித்துக் கோப்புப் போடுகிறது என்பதை அவர் வெளிப்படுத்தினார். கலவரம் வந்தால் தயாராக இருக்க வேண்டும் என்ற நியாயமான காரணத்தில்தான் அது தொடங்கியது. பிறகு யாரும் நிறுத்து என்று சொல்லாததால் வளர்ந்துகொண்டே போனது. செனட் விசாரித்தது. அதன் தொடர்ச்சியாக 1975இல் சர்ச் குழு வந்தது, நிரந்தர உளவுக் கண்காணிப்புக் குழுக்கள் வந்தன. பைல் யாரோ வெளியாள் அல்ல, உள்ளே இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். அவருக்கு உள்ளேயே சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் பத்திரிகைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

இங்கே ஒருவர் அப்படி எழுதினால் என்ன ஆகும்? 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் அவருக்காகக் காத்திருக்கிறது. 1986 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு சிறை கட்டாயம். ஓர் ஆவணம் இரகசியம் என்று அதிகாரி சான்றளித்துவிட்டால் அதை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று 16ஏ பிரிவு சொல்கிறது. எந்த நீதிமன்றத்திலும்! இந்த வரியை நூலகத்தில் படித்தபோது நான் இரண்டு முறை சரிபார்த்தேன். நம் பினாங்கு மாநிலம் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியது, பெருமைதான். ஆனால் அது மாநிலக் கோப்புகளுக்கு மட்டும். இராணுவம், போலீஸ், பிரதமர் துறை எல்லாம் கூட்டரசின் கையில்.

நம்மாலும் முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. லுமுட்டில் கட்டப்படும் எல்சிஎஸ் போர்க்கப்பல் விவகாரத்தை நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு விசாரித்து 2022 ஆகஸ்டில் அறிக்கை வைத்தது. 900 கோடி வெள்ளித் திட்டத்தில் 600 கோடிக்கு மேல் கொடுத்தாயிற்று, ஒரு கப்பலும் வரவில்லை என்று நாடே தெரிந்துகொண்டது. இரகசியம் என்று முத்திரை குத்தப்பட்டிருந்த ஓர் அறிக்கையை அமைச்சரவையே திறக்க ஒப்புக்கொண்டது. அதனால் நம் கடற்படையின் பாதுகாப்பு இரகசியம் எதுவும் எதிரிக்குப் போய்விடவில்லை. போலீசைப் பொறுத்தவரை, 2005இல் அரச விசாரணை ஆணையம் கேட்ட சுயேச்சைப் புகார் ஆணையம் கடைசியில் பல் பிடுங்கப்பட்டு 2023 ஜூலையில் வந்தது. அதுகூட இராணுவத்துக்கும் பிரதமர் துறை ஆராய்ச்சிப் பிரிவுக்கும் பொருந்தாது.

எனவே நான் கேட்பது இது. உளவு அமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் வேண்டும். அது என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, குறிப்பாக உள்நாட்டு அரசியலில் தலையிடக்கூடாது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு விவகாரங்களுக்கான தேர்வுக்குழு இருக்கிறது, ஆனால் கோப்பைத் திறந்து பார்க்கும் சட்ட அதிகாரம் அதற்கு வேண்டும், இரகசியக் காப்பு உறுதிமொழியோடு, எதிர்க்கட்சி உறுப்பினர்களையும் சேர்த்து. ஆஸ்திரேலியாவைப் போல ஒரு தலைமைக் கண்காணிப்பாளர் வேண்டும்; ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பொருத்தமாக இருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அவரைப் பிரதமர் மட்டும் நியமிக்கக்கூடாது. இரகசிய ஆவணங்களுக்குக் காலவரம்பு வேண்டும். செலவாகும்தான். தவறான கைதுக்கு ஆகும் செலவை யாரும் கணக்குப் போடுவதில்லை.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னபோது அவன் நீண்ட நேரம் பேசவில்லை. பாடாங் கோத்தா லாமாவில் கடலைப் பார்த்தபடி பாசெம்பூர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆணை கிடைத்ததும் உளவுப் படைப்பிரிவுக்கு விண்ணப்பிப்பது அவன் ஆசை. நம் ஆள் ஒருவன் அங்கே போனால் எனக்கும் பெருமைதான். கடைசியில் அவன் கேட்டான்: "நாளைக்கு மேலதிகாரி எனக்கு ஒரு தப்பான உத்தரவு போட்டா, நான் யாருகிட்ட போய்ச் சொல்றது? அதையும் எழுதுடா." எழுதிவிட்டேன்.

சென்ற மாதம் எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் ஒன்று தயாரித்தோம். விரிவுரையாளர் கேட்ட அந்த இரண்டாவது கேள்விதான் அதில் இருக்கிறது, கொஞ்சம் மரியாதையான மொழியில். 23 பேர் கையெழுத்திட்டார்கள். ஒரு தோழி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை யோசித்தாள். "கையெழுத்துப் போட்டா பேரைக் குறிச்சு வச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.